என்டபிள்யூஓவின் கதையை முடிக்கவிடாமல் செய்தது யார்?

ரிங்சைடு எழுதியது:

நியூ வேர்ல்ட் ஆர்டர், சுருக்கமாக என்டபிள்யூஓ என்ற ரெஸ்லிங் வில்லன் கும்பல் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே இரவில் போய் நின்றுவிடுகிறோம். ஹீரோவாக இருந்த ஹல்க் ஹோகன் கட்சி மாறினார், ரிங்குக்குள் குப்பை பறந்தது, அவ்வளவுதான் கதை என்பது போல. எனக்கு அதற்கு முந்தைய ஆறு வாரமும் பிந்தைய மூன்று வருடமும்தான் சுவாரசியம். அதைப் பேசத்தான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்காகப் பின்னணி கொஞ்சம். 1990களின் நடுவில் அமெரிக்காவில் இரண்டு பெரிய ரெஸ்லிங் கம்பெனிகள். ஒன்று வின்ஸ் மக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப். இன்னொன்று அட்லாண்டாவில் இருந்த டபிள்யூசிடபிள்யூ. அதன் முதலாளி டெட் டர்னர். 1995 செப்டம்பரில் டர்னரின் டிஎன்டி சேனலில் ‘மண்டே நைட்ரோ’ தொடங்கியது. மக்மேனின் ‘ரா’ ஓடும் அதே திங்கள் இரவு, அதே நேரம். வேண்டுமென்றே வைத்த மோதல். நைட்ரோவை நடத்தியவர் எரிக் பிஷாஃப்.

1996 மே 27. ஜார்ஜியாவின் மேக்கன் நகரம். யாருக்கும் அக்கறை இல்லாத ஒரு சின்ன மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது. கூட்டத்துக்குள்ளிருந்து ஜீன்ஸ் போட்ட ஒருவர் தடுப்பைத் தாண்டி வருகிறார், மைக் வாங்குகிறார். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், எதற்கு வந்திருக்கிறேன் என்றுதான் தெரியாது என்கிறார். அது ஸ்காட் ஹால். சில நாட்கள் முன்புவரை எதிர்க் கம்பெனியில் ரேசர் ரமோனாக இருந்தவர். அறிமுக இசை இல்லை, பெயர் அறிவிப்பு இல்லை, திரையில் பெயரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து கெவின் நாஷ் வந்தார், எதிர்க் கம்பெனியில் டீசல் என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு வருடம் சாம்பியனாக இருந்தவர்.

பார்த்தவர்களுக்கு இது மக்மேன் அனுப்பிய படையெடுப்பு போலத் தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். டபிள்யூடபிள்யூஎஃப் உடனே வழக்குப் போட்டது. ஹால் இன்னும் ரேசர் ரமோன் போலவே பேசுகிறார், நடக்கிறார், இது எங்கள் சொத்து என்பது அவர்கள் வாதம். அதனால்தான் ஜூன் 16 அன்று பால்டிமோரில் நடந்த கிரேட் அமெரிக்கன் பாஷில், நீங்கள் டபிள்யூடபிள்யூஎஃபில் வேலை செய்கிறீர்களா என்று பிஷாஃப் அவர்களைக் கேமரா முன்னால் கேட்டார். இல்லை என்றார்கள். வக்கீல்களுக்காக வந்த கேள்வி, கதைக்குள் ஒரு காட்சியாக உட்கார்ந்துகொண்டது. அடுத்த சில நிமிடங்களில் நாஷ் பிஷாஃபைத் தூக்கி மேடையிலிருந்து கீழே இருந்த மேசையின் மேல் போட்டார்.

ஜூலை 7, ஃபுளோரிடாவின் டேடோனா பீச், ஓஷன் சென்டர். பாஷ் அட் த பீச். ஹாலும் நாஷும் மூன்றாவது ஆளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். எதிரே ஸ்டிங், லெக்ஸ் லூகர், ராண்டி சாவேஜ். லூகர் பாதியிலேயே அடிபட்டு வெளியேறினார். கடைசியில் மஞ்சள் சிவப்பு உடையில் ஹோகன் வந்தார். காப்பாற்றத்தான் வருகிறார் என்று கூட்டம் எழுந்தது. அவர் சாவேஜின் மேல் தன் லெக் டிராப்பை, எதிராளி மேல் காலைப் போட்டு விழும் அடியை, போட்டார். பிறகு பேட்டி எடுத்த ஜீன் ஓகர்லண்டிடம் பேசும்போதுதான் நியூ வேர்ல்ட் ஆர்டர் என்ற பெயரே வந்தது.

சரி, என் கட்சி இதுதான். இந்தக் கலகம் நிஜமாகத் தெரிந்ததற்குக் காரணம் நடிப்பு அல்ல, ஒப்பந்தம். ஹாலும் நாஷும் அங்கே போனது உத்தரவாதச் சம்பளத்துக்காகவும் குறைந்த வேலை நாட்களுக்காகவும். அந்த நாளில் டபிள்யூடபிள்யூஎஃப் அப்படி ஒரு ஒப்பந்தம் தருவது அபூர்வம். கதையில் அவர்கள் கம்பெனிக்குக் கட்டுப்படாதவர்கள், நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். அதே ஒப்பந்தங்கள்தான் இந்தக் கதைக்கு ஒரு முடிவு வராமல் பார்த்துக்கொண்டன. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

---

பழைய கேபிள் எழுதியது:

நல்ல தொடக்கம் அண்ணா. நம்ம ஊரில் இதைப் பார்த்தவர்கள் குறைவு. பகலில் கார்ட்டூன் நெட்வொர்க், ராத்திரியானால் அதே சேனல் டிஎன்டியாக மாறும். அதில்தான் டபிள்யூசிடபிள்யூ வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் டிரம்ப் கார்டில் அண்டர்டேக்கரை வைத்துக்கொண்டு அலட்டும்போது, முகத்தில் சாயம் பூசிய ஸ்டிங் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பிற்பாடு பிக் ஷோ பிரபலமானபோது, இவர்தான் என்டபிள்யூஓவில் இருந்த த ஜயண்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டேடோனா பீச் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஹோகன் நடந்து வரும்போது கமெண்டரியில் பாபி ஹீனன், இவர் யார் பக்கம் என்று கத்துவார். அது ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டது என்று அவரை இன்றுவரை திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எதிர்க் கம்பெனியில் இருந்த காலத்திலிருந்தே ஹோகனை நம்பாதவர் என்பதுதானே ஹீனனின் பாத்திரம்? அவர் சும்மா இருந்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொன்று. மூன்றாவது ஆள் ஹோகன் என்பது கடைசிவரை உறுதியாக இல்லை. அவர் பின்வாங்கினால் ஸ்டிங்கை வைத்துக்கொள்ளலாம் என்று பிஷாஃப் யோசித்து வைத்திருந்தார். ஸ்டிங் போயிருந்தால் எதிர்த்து நிற்க யார் இருந்திருப்பார்கள்?

---

ஸ்கார்பியன் எழுதியது:

ரிங்சைடு, ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் சரி. இந்தக் கதை செத்த தேதி எல்லோருக்கும் தெரியும்: 1997 டிசம்பர் 28, வாஷிங்டன், ஸ்டார்கேட்.

ஸ்டிங் கதையை முழுசாகச் சொன்னால்தான் அந்த வலி புரியும். 1996 செப்டம்பரில் என்டபிள்யூஓ போலி ஸ்டிங் ஒருவரைக் கொண்டுவந்து, உண்மையான ஸ்டிங் கட்சி மாறிவிட்டார் என்று எல்லோரையும் நம்ப வைத்தது. அவருடைய நண்பர் லூகரே நம்பினார். ஃபால் பிராலின் வார் கேம்ஸ் மேட்சில் நிஜ ஸ்டிங் வந்து எதிரிகளை அடித்துக் காட்டிவிட்டு, இப்போது நம்புகிறீர்களா என்று தன் அணியைக் கேட்டுவிட்டு வெளியேறினார். அதோடு பேச்சையே நிறுத்திவிட்டார். வண்ணச் சாயமும் குட்டை முடியும் போய், வெள்ளை முகம், கறுப்புக் கோட்டு, கையில் பேஸ்பால் மட்டை. அரங்கின் உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், சில வாரம் கயிற்றில் இறங்கி வருவார். அந்தத் தோற்றத்துக்கு யோசனை கொடுத்ததே எதிரணியின் ஸ்காட் ஹால்தான் என்பது தனி வேடிக்கை.

ஒரு வருடத்துக்கும் மேலாக டிவியில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் கம்பெனியிலேயே பெரிய ஹீரோ அவர்தான். ஹோகன் எதிரே ஸ்டிங். டபிள்யூசிடபிள்யூ வரலாற்றில் அதிகம் விற்ற பே-பர்-வியூ, அதாவது தனிக்காசு கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி, அது. எழுதவேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: வந்தார், அடித்தார், ஜெயித்தார்.

என்ன செய்தார்கள்? ஹோகன் மேட்சின் பெரும்பகுதியை ஆண்டார். லெக் டிராப் போட்டு ஸ்டிங்கைப் பின் செய்தார், அதாவது தோளைத் தரையில் அழுத்திப் பிடித்தார். ரெஃப்ரி நிக் பாட்ரிக் வேகமாக எண்ணி ஏமாற்ற வேண்டும் என்பது கதை. அவர் சாதாரண வேகத்தில் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணால் பார்த்தவர்களுக்கு ஸ்டிங் நியாயமாகத் தோற்றுவிட்டார். அப்புறம் பிரெட் ஹார்ட் ஓடிவந்து, இன்னொரு முறை இந்த அநியாயம் நடக்க விடமாட்டேன் என்று ரெஃப்ரியை அடித்து மேட்சைத் திரும்பத் தொடங்கினார். மாண்ட்ரியலில் பிரெட்டுக்கே நடந்த துரோகம், அவர் விட்டுக்கொடுக்காமலேயே தோற்றதாக மக்மேன் மணி அடிக்கவைத்தது, அப்போதுதான் ஏழு வாரப் பழசு. அதைக் கடன் வாங்கி ஸ்டிங்கின் மேல் ஒட்டினார்கள். நடக்காத அநியாயத்துக்கு நியாயம் கேட்டால் யாருக்குக் கோபம் வரும்?

ஜெயித்த பெல்ட்டும் தங்கவில்லை. மறுநாள் நைட்ரோவில் மறுபடி குழப்பம், ஜனவரியில் பட்டம் காலி என்று அறிவிப்பு, பிப்ரவரியில் சூப்பர்பிராலில் மீண்டும் ஜெயிக்கவேண்டி வந்தது. ஒரே மேட்சில் முடியவேண்டியதை இரண்டு மாதம் இழுத்து நீர்த்துப்போக வைத்தார்கள். கொலைகாரன் ஹோகன். வேறு ஆள் தேட வேண்டாம்.

---

ரிங்சைடு எழுதியது:

> கொலைகாரன் ஹோகன். வேறு ஆள் தேட வேண்டாம்.

ஸ்கார்பியன், நீங்கள் சொன்ன எதிலும் எனக்கு மறுப்பில்லை. ஸ்டிங் உடம்பும் மனசும் தயாராக வரவில்லை, அதனால்தான் திட்டம் மாறியது என்று பிஷாஃப் பிற்காலத்தில் சொன்னார். அதை நான் வாங்கவில்லை. ஒரு வருடம் காத்திருந்த கூட்டம் ஸ்டிங்கின் உடம்பையா பார்த்துக்கொண்டிருந்தது?

ஆனால் ஒரு கேள்வி. ரெஸ்லிங்கில் சுயநலமான நட்சத்திரம் புதிதா? எல்லாக் கம்பெனியிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. மற்ற இடங்களில் முதலாளி கடைசியில் இல்லை என்று சொல்லிவிடுவார். இங்கே ஏன் யாராலும் சொல்ல முடியவில்லை?

---

டோக்கியோ டோம் எழுதியது:

நுழையலாமா? இந்த இழையில் ஜப்பான் வராமல் இருக்க முடியாது.

பிஷாஃபுக்கு இந்த யோசனை வந்ததே ஜப்பானைப் பார்த்துத்தான். 1995இல் யுடபிள்யூஎஃப்ஐ என்ற சின்னக் கம்பெனி பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவர்கள் நடத்தியது நிஜச் சண்டை போலவே இருக்கும் கடினமான பாணி. தங்களைத்தவிர மற்றவர்கள் எல்லாம் போலி என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர்கள். அவர்கள் நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்கோடு மோத வந்தார்கள். 1995 அக்டோபர் 9, டோக்கியோ டோம், 67 ஆயிரம் பேர். கெய்ஜி முதோ எதிரே நோபுஹிகோ தகாடா. முதோ ஜெயித்தார், அதுவும் ஃபிகர் ஃபோர் பிடியில். நிஜச் சண்டைக்காரரைப் பழைய ரெஸ்லிங் பிடியிலேயே பணிய வைத்தார்கள். எத்தனை குசும்பு பாருங்கள்.

அதோடு நிற்கவில்லை. 1996 ஜனவரி 4 அன்று தகாடா திரும்பி வந்து முதோவிடமிருந்து நியூ ஜப்பானின் ஐடபிள்யூஜிபி பட்டத்தைப் பறித்தார். வெளியாள் வீட்டுச் சொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏப்ரலில் ஷின்யா ஹஷிமோட்டோ அதை மீட்டார். அந்த வருடம் முடிவதற்குள் யுடபிள்யூஎஃப்ஐ கடையை மூடியது.

வந்தார்கள், தோற்றார்கள், திரும்ப வந்து ஜெயித்தார்கள், கடைசியில் வீட்டுக்காரன் ஜெயித்தான். பட்டத்தைப் பொறுத்தவரை ஏழு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிஷாஃப் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் என்டபிள்யூஓ ஜப்பான் என்று ஒரு கிளை இருந்ததை எத்தனை பேருக்குத் தெரியும்? மசஹிரோ சோனோ 1996 கடைசியில் அமெரிக்காவில் சேர்ந்து, சட்டையை ஜப்பானுக்கு எடுத்துப் போனார். டென்சான், ஹிரோ சைட்டோ, பிறகு முதோவே வந்து சேர்ந்தார். அந்தக் கறுப்புச் சட்டை அங்கே சக்கைப்போடு போட்டது, ரெஸ்லிங் பார்க்காதவர்கள்கூட வாங்கினார்கள். சோனோவுக்குக் காயம் ஏற்பட்டபோது தலைமை முதோவின் கைக்குப் போனது. திரும்பி வந்த சோனோ டீம் 2000 என்று தனிக்குழு அமைத்தார். 2000 ஜனவரி 4, மறுபடியும் டோக்கியோ டோம். சோனோ ஜெயித்தார், என்டபிள்யூஓ ஜப்பான் கலைந்தது. தொடங்கி வைத்தவரே முடித்தும் வைத்தார். அமெரிக்கக் கிளை எப்போது முடிந்தது என்று தேதி சொல்லச் சொன்னால் நம்மில் ஆளுக்கொரு தேதி சொல்வோம்.

---

தெருவிளக்கு எழுதியது:

என்னதான் சொன்னாலும் மக்மேன் பக்கத்துக் கலகக் கும்பல் டிஎக்ஸ்தான் கெத்து. 1998 ஏப்ரலில் நார்ஃபோக்கில் நைட்ரோ நடந்த அரங்கத்துக்கே ராணுவ ஜீப்பில் போய் வாசலில் நின்று கத்தினார்களே, அதற்கு ஈடு உண்டா? உங்கள் ஆட்கள் கையில் பெயிண்ட் டப்பா வைத்துக்கொண்டு பெல்ட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

---

பழைய கேபிள் எழுதியது:

தெருவிளக்கு தம்பி, அந்த ஜீப்பில் போனவர்களில் ஒருவர் எக்ஸ்-பாக். அவர் அதற்கு முன்னால் சிக்ஸ் என்ற பெயரில் என்டபிள்யூஓவில் இருந்தவர். இங்கே வேலை போனது, அங்கே போய் ஜீப் ஏறினார். இரண்டு கும்பலுமே ஒரே நண்பர் வட்டம்தான். 1996 மே 19 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வேலையை விட்டுப்போகும் ஹாலையும் நாஷையும் ஷான் மைக்கேல்ஸும் டிரிபிள் எச்சும் ரிங்கிலேயே கட்டிப்பிடித்து வழியனுப்பினார்களே, ஹீரோ வில்லன் வித்தியாசமெல்லாம் மறந்து? அந்த நால்வர்தான் பிறகு இரண்டு பக்கமும் இரண்டு கலகக் கும்பல்களை நடத்தியது.

இன்னொரு துணுக்கு. ஹாலும் நாஷும் போனபிறகு மக்மேன் சும்மா இருக்கவில்லை. பெயர் எங்களுடையது, ஆள்தானே போனார் என்று புதிய ரேசரையும் புதிய டீசலையும் 1996 இலையுதிர்காலத்தில் இறக்கினார். எடுபடவே இல்லை. ஆனால் அந்தப் போலி டீசலாக நடித்த கிளென் ஜேக்கப்ஸ்தான் மறுவருடம் முகமூடி போட்டுக்கொண்டு கேனாக வந்தவர்.

இழைக்கு வருகிறேன். என் பார்வையில் என்டபிள்யூஓவைக் கெடுத்தது ஆள் சேர்ப்பு. முதலில் மூன்று பேர். அப்புறம் பணக்காரர் டெட் டிபியாஸி, ஜயண்ட், சிக்ஸ். அதுவரை சரி, ஒவ்வொருவரும் வரும்போது ஒரு அதிர்ச்சி இருந்தது. நவம்பரில் பிஷாஃபே அவர்கள் ஆள் என்று வெளிப்பட்டபோதும் சரி. மேசை மேல் தூக்கிப் போடப்பட்டவர் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார், அருமையான திருப்பம். ஆனால் அதற்குப் பிறகு வால்ஸ்ட்ரீட், பிக் பப்பா, பஃப் பேக்வெல், நார்ட்டன் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, யார் அழைத்து வந்தார்கள் என்றே தெரியாத ஆட்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் எட் லெஸ்லி. 1996 ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸில் ஹோகன் ஜயண்டிடமிருந்து பட்டத்தைப் பறித்த அந்த இரவு, லெஸ்லி ஹோகனின் பிறந்தநாளுக்குக் கேக் எடுத்துக்கொண்டு ரிங்குக்கு வந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார். அடித்து விரட்டினார்கள். நிஜ வாழ்க்கையில் ஹோகனின் உயிர் நண்பர் அவர். அந்தக் காட்சிக்கு அர்த்தம் இருந்தது: இந்தக் கும்பலில் நட்புக்கு இடமில்லை. 1998இல் அதே லெஸ்லி தாடி வைத்துக்கொண்டு த டிசைபிள் என்ற பெயரில் உள்ளே வந்துவிட்டார். அவ்வளவுதான் கொள்கை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் கதையைப் பேசுகிறீர்கள், நான் கணக்கைப் பேசுகிறேன்.

நைட்ரோ 1996 ஜூனிலிருந்து 1998 ஏப்ரல் வரை தொடர்ந்து 83 வாரம் ராவை ரேட்டிங்கில் அடித்தது. ஸ்கார்பியன் சொல்லும் ஸ்டார்கேட் அதற்குள்தான் வருகிறது. அதற்குப் பிறகும் மூன்றரை மாதம் நைட்ரோதான் முதலிடம். 83 வாரத் தொடரை உடைத்தது ஸ்டீவ் ஆஸ்டினும் வின்ஸ் மக்மேனும் ரிங்கில் நேருக்கு நேர் நின்ற நாள், 1998 ஏப்ரல் 13. முதலாளியை அடிக்கும் தொழிலாளி என்ற கதைக்கு முன்னால், சட்டை நிறத்தை வைத்து இரண்டாகப் பிரிந்த பணக்காரக் கும்பல் எடுபடவில்லை. அதாவது கலகம் செய்வதில் எதிராளி முந்திவிட்டார். ஹோகனுடையது கறுப்பு வெள்ளை, நாஷுடையது உல்ஃப்பேக் என்ற கறுப்பு சிவப்பு; சட்டை நன்றாக விற்றது என்பது உண்மை. ஆனால் வில்லன் கும்பலின் பாதி ஹீரோவாகிவிட்டது, அதில் ஸ்டிங்கே போய்ச் சேர்ந்தார். யாரை எதிர்த்து யார் சண்டை போடுகிறார்கள் என்பதற்கே அட்டவணை தேவைப்பட்டது.

அப்புறம், எல்லோரும் கைகாட்டும் 1999 ஜனவரி 4. அட்லாண்டா ஜார்ஜியா டோம். நாஷ் சாம்பியன், அவரிடம் பட்டத்தை இழந்த கோல்ட்பர்க்கோடு மறு மேட்ச் என்று டிக்கெட் விற்றார்கள். கோல்ட்பர்க்கைக் கதையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பதிலுக்கு ஹோகன் வந்து நாஷின் நெஞ்சில் ஒற்றை விரலால் தொட்டார், நாஷ் பொத்தென்று விழுந்தார், ஹோகன் சாம்பியன். பிரிந்த கும்பல் மறுபடி ஒன்று. அதே இரவு ராவில் மிக் ஃபோலி முதல்முறையாகப் பட்டம் ஜெயிக்கப்போகிறார் என்பதை நைட்ரோ கமெண்டரியிலேயே டோனி ஷியவோனி போட்டு உடைத்தார். அவரைச் சொல்லச் சொன்னது பிஷாஃப். இதற்கெல்லாம் கூட்டம் வரும் பாருங்கள் என்று கிண்டல் வேறு. உடனே 6 லட்சம் பேர் சேனலை மாற்றி ஃபோலியைப் பார்க்கப் போனதாகச் சொல்வார்கள்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். நைட்ரோ ராவைக் கடைசியாக ஜெயித்தது 1998 அக்டோபர் 26. விரல் குத்துக்கு இரண்டு மாதம் முன்பே தோல்வி தொடங்கிவிட்டது. அந்தக் கடைசி வெற்றிகூட எப்படி வந்தது தெரியுமா? முந்தைய நாள் ஹாலோவீன் ஹேவக் நேரம் தாண்டி ஓடியதில் பலருக்கு ஒளிபரப்பு நடுவிலேயே அறுந்துவிட்டது. காசு கொடுத்தவர்கள் கோல்ட்பர்க் எதிரே டைமண்ட் டல்லஸ் பேஜ் மேட்சைப் பார்க்க முடியவில்லை. அதனால் மறுநாள் நைட்ரோவில் அதை இலவசமாகப் போட்டார்கள். ரேட்டிங் ஏறியது. வெற்றிக்குக் காரணம் கோல்ட்பர்க்கும் பேஜும். இரண்டு பேரும் என்டபிள்யூஓ ஆட்கள் அல்ல.

கம்பெனி செத்தது இன்னொரு கணக்கு. 2000இல் மட்டும் 60 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம். டர்னரின் சேனல்களை வைத்திருந்த டைம் வார்னர் ஏஓஎல்லோடு இணைந்தபிறகு வந்த நிர்வாகி ஜேமி கெல்னர் எங்கள் சேனல்களில் ரெஸ்லிங் வேண்டாம் என்று நிறுத்தினார். சேனல் இல்லாத ரெஸ்லிங் கம்பெனியை யார் வாங்குவார்? மக்மேன் வாங்கினார், 2001 மார்ச்சில், அடிமாட்டு விலைக்கு. ரிங்சைடு சொன்ன அந்த 1996 வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. டபிள்யூசிடபிள்யூ விற்பனைக்கு வந்தால் ஏலம் கேட்கும் உரிமை மக்மேனுக்கு உண்டு என்பது அதில் ஒரு நிபந்தனை. ஸ்காட் ஹால் தடுப்பைத் தாண்டி வந்ததில் தொடங்கிய வழக்கு அது.

---

ரிங்சைடு எழுதியது:

கணக்குப்பிள்ளை, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. ஆனால் கம்பெனி எப்படிச் செத்தது என்பது வேறு, கதை ஏன் முடியவில்லை என்பது வேறு. நான் கேட்பது இரண்டாவது.

ஒப்பந்தம் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும். ஹோகனின் ஒப்பந்தத்தில் அவர் தொடர்பான கதைமுடிவுகளில் அவருக்கே இறுதி உரிமை என்று ஒரு பிரிவு இருந்தது. இது வதந்தி அல்ல, நீதிமன்றம் வரை வந்த விஷயம். 2000 ஜூலை 9, பாஷ் அட் த பீச். ஜெஃப் ஜாரெட்டிடம் தோற்க வேண்டும் என்றபோது ஹோகன் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டினார். ஜாரெட் ரிங்கில் தானாகவே படுத்துக்கொண்டார், ஹோகன் காலை வைத்து ஜெயித்தார். பிறகு எழுத்தாளர் வின்ஸ் ருஸோ மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியே ஹோகனைத் திட்டினார். ஹோகன் வழக்குப் போட்டார், தள்ளுபடியானது. டபிள்யூசிடபிள்யூ ரிங்கில் ஹோகன் கடைசியாக நின்றது அன்றுதான். இடம் எது? டேடோனா பீச் ஓஷன் சென்டர். 1996இல் குப்பை பறந்த அதே அரங்கம்.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். வில்லன் கும்பல் கதை எதற்காக? பெரியவர்கள் அடித்து அடித்து, கடைசியில் ஒரு புதியவரிடம் தோற்று, அவரைப் பெரியவராக்குவதற்காக. இங்கே தலைவருக்குத் தோற்கவேண்டிய கட்டாயமே இல்லை. ஹாலும் நாஷும் தோற்றாலும் ஜெயித்தாலும் அதே சம்பளம். ரே மிஸ்டீரியோவை நாஷ் டிரக்கின் மேல் ஈட்டி மாதிரி எறிந்தது 1996 ஜூலையில். அருமையான காட்சி. ஆனால் அந்தக் கடனைப் பெரிய மேடையில் திருப்பிக் கொடுக்கும் நாள் மிஸ்டீரியோவுக்கு வரவில்லை. ஜெரிகோ, எடி கெர்ரெரோ, மலென்கோ எல்லோரும் நடுவரிசையிலேயே நின்று பார்த்தார்கள். 1999 ஆகஸ்டில் ஜெரிகோவும், 2000 ஜனவரியில் கெர்ரெரோவும் நண்பர்களும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

---

ஸ்கார்பியன் எழுதியது:

ஹோகன் தோற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1996 டிசம்பரில் ராடி பைப்பரிடம் தோற்றார். 1997 ஆகஸ்ட் 4 அன்று லூகரிடம் பட்டத்தையே இழந்தார், அரங்கம் கூரை பிய்ந்துவிடும்போலக் கத்தியது. 1998 ஜூலை 6 அன்று ஜார்ஜியா டோமில் 40 ஆயிரம் பேர் முன்னால் கோல்ட்பர்க்கிடம் சுத்தமாகத் தோற்றார்.

---

ரிங்சைடு எழுதியது:

ஒவ்வொன்றாகப் பாருங்கள் நண்பரே. பைப்பர் ஜெயித்தபோது பட்டம் பந்தயத்தில் இல்லை. லூகர் ஜெயித்து ஐந்தே நாளில் ரோட் வைல்டில் பட்டம் ஹோகனிடம் திரும்பிவிட்டது. கோல்ட்பர்க் வெற்றி ஒன்றுதான் உண்மையான தோல்வி. அதையும் சில நாள் முன்புதான் அறிவித்து, பே-பர்-வியூவில் விற்காமல் இலவச டிவியில் போட்டார்கள், அந்த ஒரு வாரம் ராவை அடிப்பதற்காக. அது முடிந்து ஆறு மாதத்துக்குள், 1998 ஸ்டார்கேடில், ஹால் மின்சாரத் தடியால் குத்த, நாஷ் கோல்ட்பர்க்கின் தோல்வியற்ற தொடரை முடித்தார். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வது அங்கே பழக்கம்.

---

புதுமுகம் எழுதியது:

அண்ணன்களே, நான் பார்த்தது 2002 டபிள்யூடபிள்யூஎஃபில் வந்த என்டபிள்யூஓ மட்டும்தான். ராக், ஹோகன் மேட்ச் தவிர எதுவும் ஞாபகமில்லை. அது ஏன் ஓடவில்லை?

---

பழைய கேபிள் எழுதியது:

வாங்க தம்பி. 2002 பிப்ரவரி 17, மில்வாக்கியில் நோ வே அவுட். ஹோகன், ஹால், நாஷ் மூவரும் வந்தார்கள். தன் கம்பெனியைத் தானே கொல்ல மக்மேன் விஷம் கொண்டுவருகிறார் என்பது கதை. ஆனால் மார்ச் 17 அன்று டொரோண்டோ ஸ்கைடோமில் ராக்கோடு ஹோகன் மோதியபோது, 68 ஆயிரம் பேரும் வில்லன் ஹோகனுக்குத்தான் கத்தினார்கள். பாவம் ராக், மேட்ச் நடுவிலேயே தன் தோரணையை மாற்றவேண்டி வந்தது. ஹோகன் தோற்றார், ராக்கோடு கை குலுக்கினார், உடனே ஹாலும் நாஷும் வந்து அவரை அடித்தார்கள். ஒரு மாதத்திலேயே தலைவரும் போயாச்சு, கும்பலுக்கு அர்த்தமும் போயாச்சு. பிக் ஷோ, எக்ஸ்-பாக், புக்கர் டி, ஷான் மைக்கேல்ஸ் என்று ஆட்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஜூலையில் நாஷ் ரிங்குக்குள் நாலு அடி ஓடும்போதே தொடைத் தசை கிழிந்து விழுந்தார். மறுவாரம் கலைத்துவிட்டார்கள்.

எதிரியின் வீட்டுக்குள் வந்து பயமுறுத்தியவர்களை, அந்த எதிரியே சம்பளம் கொடுத்து அழைத்துவந்தால் யார் பயப்படுவார்கள்? 2020க்கான ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் ஹோகன், ஹால், நாஷ், வால்ட்மன் நால்வர் பெயரும் குழுவாகவே சேர்ந்தது. வால்ட்மன்தான் எக்ஸ்-பாக், சிக்ஸ் எல்லாம். இப்போது ஹாலும் இல்லை, 2022 மார்ச்சில் போய்விட்டார். ஹோகன் 2025 ஜூலையில்.

---

டோக்கியோ டோம் எழுதியது:

ரிங்சைடின் வாதத்தை முக்கால்வாசி ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒப்பந்தம் மட்டும் காரணமென்றால் பிஷாஃப் தப்பித்துவிடுவார். அந்தப் பிரிவில் கையெழுத்துப் போட்ட நிர்வாகி அவர்தான். அதே கும்பலில் திரையில் நடித்தவரும் அவர்தான். முடித்து வைக்கவேண்டியவரே 1996 நவம்பரில் கும்பலில் சேர்ந்துகொண்டார். ஜப்பானில் நியூ ஜப்பான் பக்கம் கதை எழுதிய ரிக்கி சோஷூ, தகாடாவோடு தோளில் கை போட்டுக்கொண்டு ரிங்குக்கு வரவில்லை.

---

ஸ்கார்பியன் எழுதியது:

இது நியாயம். ஹோகனோடு பிஷாஃபையும் கூண்டில் ஏற்றுகிறேன். ஆனால் தேதியை மாற்ற மாட்டேன். 1997 டிசம்பர் 28, நிக் பாட்ரிக்கின் மூன்றாவது தட்டு.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

1998 ஏப்ரல் 13. ரேட்டிங் தாளைப் பாருங்கள் சார்.